திரிபும் இயல்பும்: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும் பற்றிச் சில சிந்தனைகள்

1

சொற்களின் வரலாற்றைச் சமூக வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கும் வழக்கம் நம் அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஒரு சொல்லின் வேரைக் கண்டு, அது பயின்றுவரும் நூல்களை வரிசைப்படுத்தி, அதன் பொருள் வேறுபாடுகளை எண்ணிட்டு வைத்துவிட்டால் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது எனக் கருதுவோர் இன்றும் உளர். அகராதிக்கு அது போதுமானதாகலாம். ஆனால் ஒரு சொல்லை யார், யாரை நோக்கி, எதனைக் காக்கும் பொருட்டுக் கூறினர் என்னும் வினாக்களுக்கு அகராதியில் விடை இல்லை. 'திரிபு' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'திரி' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், ஒரு பொருள் தானிருந்த உருவும் நிலையும் மாறி வேறோர் உருவையும் நிலையையும் எய்துவதைக் குறிக்கும். உருமாற்றத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் மிகப் பழைய சொற்களுள் இதுவும் ஒன்று. எனினும் இன்றைய எழுத்து வழக்கில் இது நடுநிலையான பொருளில் வருவது அரிது. வரலாற்றுத் திரிபு, கருத்துத் திரிபு, செய்தியைத் திரித்தல் என்னும் தொடர்களில் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கின்றது. 'பேச்சுத் தமிழ் செந்தமிழின் திரிபு' எனப் பண்டிதர் ஒருவர் கூறும்போதும், 'அவர் ஒரு திரிபுவாதி' என அரசியற் செயற்பாட்டாளர் ஒருவர் கூறும்போதும், எதிர் எதிர் முகாம்களில் நிற்கும் அவ்விருவரும் ஒரே சொல்லை ஒரே தொனியில் கையாள்கின்றனர். இவ்வொற்றுமை தற்செயலானதா? மாற்றத்தைக் குறிக்கும் சொல் கேட்டைக் குறிக்கும் சொல்லாகும்போது மாற்றம் பற்றிய எத்தகைய கருத்துநிலை அதனுள் உறைந்துகிடக்கின்றது?

முறையியல் பற்றி ஒன்றைக் கூறிவிடுதல் தகும். மொழி முழுவதையும் ஒரு வர்க்கத்தின் உடைமையாகக் காணும் வாய்பாடு ஒருகாலத்தில் மாக்சியத்தின் பெயரால் வழங்கியது. சோவியத் மொழியியலாளர் மாரின் அத்தகைய கோட்பாட்டை 1950இல் ஸ்டாலின் மறுத்துரைத்தமை பலரும் அறிந்ததே. மொழி ஒரு சமூகத்தார் அனைவர்க்கும் பொதுவானது. ஆயினும் அப்பொதுவான சொற்களின் மேல் ஏற்றப்படும் மதிப்பீடுகள் பொதுவானவை அல்ல. ஒரே குறியினுள் வெவ்வேறு சமூகச் சக்திகளின் அழுத்தங்கள் மோதிக்கொள்கின்றன என 1929இல் வொலோஷினொவ் எடுத்துக்காட்டியதை இங்கு வழிகாட்டியாகக் கொள்கின்றோம்.

2

இலக்கண நூல்களிலிருந்து தொடங்குவோம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்துப் புணரியலில், சொல்லும் சொல்லும் கூடுமிடத்து நிகழ்வன நான்கு எனப்படுகின்றன. மாற்றமின்றி நிற்றல் ஒன்று, மாற்றமுறுதல் மூன்று. முன்னது இயல்பு, பின்னவை திரிபு. ஓர் எழுத்து வேறோர் எழுத்தாதல், ஓர் எழுத்து மிகுதல், ஓர் எழுத்துக் குன்றல் என்பன அம்மூன்று திரிபுகளுமாம். மண், குடம் என்பன கூடி மட்குடம் ஆவதும், வாழை, பழம் என்பன கூடி வாழைப்பழம் ஆவதும், மரம், வேர் என்பன கூடி மரவேர் ஆவதும் எடுத்துக்காட்டுகள்.

இங்கு ஒரு நுட்பம் மனங்கொளத்தக்கது. இயல்பு ஒன்றையும் திரிபு மூன்றையும் பிரித்துக் கூறிய ஆசிரியர், அந்நான்கையும் ஒருங்கு சேர்த்துச் சொற்கள் புணரும் இயல்பு என்றே முடிக்கின்றார். அதாவது, குறுகிய பொருளில் திரிபு இயல்புக்கு மறுதலை. விரிந்த பொருளில் திரிபும் இயல்பின் ஒரு வகையே. சூழலால் நிகழ்வதும் விதிக்கு உட்பட்டதும் முன்கூட்டி அறியத்தக்கதுமான மாற்றமே இலக்கண ஆசிரியனின் திரிபு. மட்குடம் என்னும் சொல்லில் ணகரம் டகரமாயிற்று என்பதற்காக எவரும் வருந்துவதில்லை. ணகரம் எந்நிலையில், எவ்வெழுத்தின் முன் டகரமாகும் என்பதே அவன் வினா.

13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலில் கலைச்சொற்கள் இடம்பெயர்கின்றன. மூவகை மாற்றங்களுக்கும் பொதுப்பெயராக விகாரம் என்னும் சொல் அமைய, தோன்றல், திரிதல், கெடுதல் என்பன அதன் வகைகளாகின்றன. திரிதல் என்பது ஓரெழுத்து வேறோரெழுத்தாதலை மட்டுமே குறிக்கச் சுருங்குகின்றது. ஆயினும் நடுநிலை குன்றவில்லை. விகாரப் புணர்ச்சி என்பது பவணந்தியாருக்கு அருவருப்பான புணர்ச்சி அன்று. இன்றோ, 'விகாரமான முகம்' என்றால் அழகு கெட்ட முகம் என்பது பொருள். கெடுதல் என்பதும் அவ்வாறே. இலக்கணத்தில் ஓரெழுத்து நீங்குதலைச் சுட்டும் அச்சொல் பொதுவழக்கில் பழுதாதலைச் சுட்டுகின்றது. மாற்றத்தின் இலக்கணப் பெயர்களுள் தோன்றல் ஒன்றே பொதுவழக்கின் பழியிலிருந்து தப்பியுள்ளது.

நன்னூலில் இன்னொரு செய்தியும் உண்டு. வழக்கினை வகுக்குமிடத்து, இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்னும் மூன்றையும் இயல்பு வழக்கு என்னும் ஒரே தலைப்பின் கீழ் அடக்குகின்றது அந்நூல். மக்கள் நாவிற் பயின்று உருமாறிய சொல்லே மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனது போன்ற மாற்றங்களை இலக்கண ஆசிரியன் இயல்பு என ஏற்றுக்கொள்கின்றான். வழங்குவதே இயல்பு என்னும் உண்மையை மறுத்து இலக்கணம் இயற்றமுடியாது என்பதை அவன் அறிந்திருந்தான். பின்வந்த காவலரோ அதனை மறந்தனர்.

3

இனி இலக்கியத்தை நோக்குவோம். பழைய இலக்கியங்களில் இச்சொல் இரு வேறு களங்களில் வழங்கக் காண்கின்றோம்.

இயற்கையைப் பற்றிய களம் ஒன்று. நீர் தான் சேர்ந்த நிலத்தின் தன்மைக்கேற்பத் திரிவதைச் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாக்குகின்றார். நீரிடத்தே குற்றம் இல்லை. மண்ணின் தன்மையே மாற்றத்துக்குக் காரணம். சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் பாலை பற்றி வரும் பகுதி இன்னும் ஆழமானது. முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் முறைமையிற் திரிந்து பாலை என்னும் வடிவத்தை ஏற்கும் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. நிலத்தோற்றம் உருமாறுதல் பற்றிய நுட்பமான அவதானிப்பு இது. திணைக் கோட்பாட்டின் சமூக அடிப்படைகளைச் சமனற்ற வளர்ச்சி என்னும் கருத்தின் துணையோடு விளக்க முற்பட்ட பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வுகளைப் பயின்றோர், நிலத்துக்கும் வாழ்க்கைமுறைக்கும் உள்ள தொடர்பை இப்பகுதியில் எளிதில் இனங்காண்பர். ஆயினும் அங்கு வரும் உவமையே நமக்கு முதன்மையானது. மன்னன் தன் அதிகாரிகளோடு கூடிக் கோணியமையால் அரசியல் முறைமை இழந்த நாடுபோல அந்நிலம் ஆயிற்று என்கின்றார் இளங்கோ. திரிந்தது நிலம், திரியச் செய்தவர் மேலிருந்தோர். மாற்றமுற்றதன் மேல் பழி போடாது மாற்றத்தின் காரணத்தைத் தேடும் நோக்கு இது.

கடமையையும் ஒழுங்கையும் பற்றிய களம் மற்றையது. தன் நிலையிலிருந்து திரியாது அடங்கியவனின் தோற்றத்தைக் குறள் மலையினும் உயர்த்துகின்றது. புறநானூற்றின் இரண்டாம் பாடலில், பால் புளித்தாலும் பகல் இருண்டாலும் வேதநெறியே திரிந்தாலும் தாம் திரியாத சுற்றம் சேர மன்னனுக்கு வாழ்த்தாக அமைகின்றது. இக்களத்தில் திரிதல் என்பது வழுவுதல், திரியாமையே மாண்பு. அரசும் படிநிலையும் வேரூன்றும் சமூகத்தில், அவரவர் தத்தம் நிலையில் நிற்றல் அறமாகப் போற்றப்பட்டதில் வியப்பில்லை.

எனவே நற்பொருளிலிருந்து தீப்பொருளுக்குச் சொல் காலப்போக்கில் இழிந்தது என எளிமையாகக் கூறிவிட முடியாது. இரு பொருள்களும் தொன்மையானவையே. ஒன்று நிகழ்வதை விளக்குவது. மற்றையது நிகழக்கூடாததை விலக்குவது. ஒன்று இயற்கைக்கும் மொழிக்கும் உரியது. மற்றையது ஆணைக்கும் கடமைக்கும் உரியது. பிற்காலத்தில் நேர்ந்தது என்னவெனில், கடமைக் களத்துக்குரிய விலக்கும் பொருள் எல்லை கடந்து வந்து மொழி, கலை, சிந்தனை ஆகிய களங்களைப் பற்றிக்கொண்டமையே. சைவசித்தாந்த அளவையியலில் ஐயம், திரிபு என இணைத்துக் கூறப்படும் வழக்கும் இதற்கு வலுவூட்டியிருத்தல் கூடும். கயிற்றை அரவாகக் காண்பது திரிபுக்காட்சி. ஆனால் அங்கும் கயிறு கயிறாகவே கிடக்கின்றது. திரிபு காண்பவனிடத்தே உள்ளது. பிறரின் பேச்சைத் திரிபு என்போர் தம் காட்சியைச் சோதிக்க மறந்துவிடுகின்றனர்.

4

அன்றாட வழக்கு ஏட்டு வழக்கைக் காட்டிலும் நுண்மையானது. அடுக்களையில் பால் இரு வகையாக மாறுகின்றது. உறை ஊற்றி வைத்த பால் உறைந்து தயிராகின்றது. கவனியாது விட்ட பால் திரிந்துபோகின்றது. இரண்டிலும் புளிப்பேறிப் பாலின் புரதம் திரள்வதே நிகழ்கின்றது. எனினும் ஒன்றை உறைதல் என்றும் மற்றொன்றைத் திரிதல் என்றும் வேறுபடுத்துகின்றனர் நம் பெண்கள். மனித உழைப்பும் நோக்கமும் வழிநடத்திய மாற்றத்துக்கு ஒரு பெயர். கைமீறிய மாற்றத்துக்கு மற்றொரு பெயர். பாலாகவே இருந்திருக்க வேண்டும் என எந்த அடுக்களையும் பிடிவாதம் பிடிப்பதில்லை. விளைந்தது பயன்படுமா என்பதே அங்கு அளவுகோல்.

யாழ்ப்பாணப் பேச்சில் 'திரியிறான்' என்னும் வினை மிகப் பெரிய ஆட்சியுடையது. வேலைவெட்டி இல்லாமல் திரியிறான் என்றால் வசை. நோயிற் கிடந்தவரைப் பற்றி 'இப்ப எழும்பித் திரியிறார்' என்றால் அது நற்செய்தி. முதுமையிலும் ஓடியாடித் திரிபவர் பாராட்டப்படுகின்றார். இயங்குதல் என்னும் ஒரே செயல், இயங்குபவரின் சமூக நிலையைப் பொறுத்து வசையாகவும் வாழ்த்தாகவும் மாறுகின்றது. வேலையில்லாமை என்னும் சமூகக் குறைபாடு, 'திரிகின்ற' இளைஞனின் ஒழுக்கக் குறைபாடாக உருமாற்றப்படுவதை இவ்வசையிற் காணலாம்.

பிறவினையாக வரும் திரித்தலோ பெரும்பாலும் உழைப்பின் சொல். திரிகையில் குரக்கன் திரித்தல், பஞ்சைத் திரித்து விளக்குத்திரி ஆக்கல், தும்பைத் திரித்துக் கயிறாக்கல் என்பன அத்தகையன. கடலோரக் கிராமங்களில் தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்துத் தும்பாக்கி, கயிறு திரிக்கும் பெண்களின் வேலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தனித்தனியே இழுத்தால் அறும் இழைகள் முறுக்கேறி ஒன்றுசேர்ந்து தோணியைக் கட்டி நிறுத்தும் வலிமையைப் பெறுகின்றன. உருமாற்றம் இங்கு ஆக்கம். ஆனால் 'கயிறு திரித்தல்' பொய் புனைதலையும் குறிக்கும். கைவேலையின் பெயர் ஏமாற்றின் பெயராவது, கையால் உழைப்பாரைத் தாழ்த்தி நோக்கும் சமூகத்தில் புதுமையன்று.

இவ்விடத்து இலக்கணம் நமக்கு ஒரு கருவியைத் தருகின்றது. திரிதல் தன்வினை, திரித்தல் பிறவினை. முன்னதில் மாற்றம் சூழ்நிலையால் நிகழ்கின்றது. பின்னதில் மாற்றுவோன் ஒருவன் உளன். அவனுக்கு ஒரு நோக்கமும் உண்டு. திரிந்தது, திரித்தான் என வினைமுற்றாக வழங்கும்போது இவ்வேறுபாடு வெளிப்படையாக நிற்கும். திரிபு எனப் பெயராகிவிட்டதும் மறைந்துவிடும். மக்கள் மொழியில் தானாக நிகழ்ந்த மாற்றமும், அதிகாரத்திலுள்ளோர் வரலாற்றைத் திட்டமிட்டு முறுக்கிய செயலும் திரிபு என்னும் ஒரே பெயரைப் பெறுகின்றன. பின்னதற்குரிய குற்றம் முன்னதன் மேல் ஏற்றப்படுவதற்கு இப்பெயர் வசதியான வாயிலாகின்றது.

5

அவ்வாயில் வழியே நிகழ்ந்த மிகப் பெரிய இடமாற்றம் பேச்சுமொழி பற்றியது. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். இவற்றுள் யார்க்கும் எளிதிற் பொருள் விளங்கும் செந்தமிழ்ச் சொல்லை இயற்சொல் என்றும், ஒரு பொருள் குறித்த பல சொல்லாகவும் பல பொருள் குறித்த ஒரு சொல்லாகவும் வந்து அரிதில் உணரப்படுவதைத் திரிசொல் என்றும் நன்னூல் விளக்குகின்றது. ஆகவே திரிசொல் கற்றோரின் சொல், புலமையின் அடையாளம். எதுகை நுட்பத்தைப் பெருக்கித் திரிபு, யமகம் என்னும் அணிகளில் அந்தாதிகள் பாடுதலும் பிற்காலப் புலவரின் பெருமையாயிற்று. அக்காலத்தில் 'திரிபு' பாட வல்லவர் என்பது பாராட்டு. இயல்பு பொதுமக்களுக்கும் திரிபு புலவருக்கும் உரியதாய் இருந்தன.

நவீன காலத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. கற்றோர் எழுத்து இயல்பான தமிழ் எனவும், கல்லாதார் பேச்சு அதன் திரிபு எனவும் கொள்ளப்பட்டன. 1960களின் முற்பகுதியில் இலங்கையில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில் இக்கருத்து கூர்மை பெற்றது. டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை அச்சேற்றியபோது, அது இழிசனர் வழக்கு எனவும் அவ்விலக்கியம் இழிசனர் இலக்கியம் எனவும் பழிக்கப்பட்டது. மொழித் தூய்மை பற்றிய அவ்விவாதத்தின் அடியில் எவர் எழுதலாம், எவர் எழுதப்படலாம் என்னும் வினா கிடந்தது. கோயிற் கதவுக்கும் அச்சுத்தாளுக்கும் ஒரே காவலர் நின்றனர் எனல் மிகையாகாது.

பழிக்கப்பட்ட அப்பேச்சு உண்மையில் ஒழுங்கற்றதா? யாழ்ப்பாணப் பேச்சில் ஒன்று ஒண்டாகின்றது, மூன்று மூண்டாகின்றது, கன்று கண்டாகின்றது, பன்றி பண்டியாகின்றது, நின்று, தின்று, என்று என்பன நிண்டு, திண்டு, எண்டு ஆகின்றன. சொற்கள் வேறு, மாற்றம் ஒன்று. புணரியல் விதிகளுக்கு நிகரான ஒழுங்கு இது. இவ்வாறான ஒழுங்கான ஒலிமாற்றங்களின் மேலேயே 19ஆம் நூற்றாண்டின் ஒப்பியல் மொழியியல் எழுப்பப்பட்டது. கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணமும் அதன் வழிவந்ததே. இன்னொன்றையும் நோக்குக. அ, இ, உ என்னும் முச்சுட்டுகளுள் உகரச் சுட்டை இன்றைய எழுத்துத் தமிழ் கைவிட்டுவிட்டது. உவன், உது, உங்கை என அதனை உயிரோடு வைத்திருப்பது யாழ்ப்பாணப் பேச்சே. இவ்வகையில் இயல்பினின்றும் வழுவியது எழுத்துமொழியே என வாதிடவும் இடமுண்டு.

மலையகம் இன்னும் தெளிவான சான்றைத் தருகின்றது. தோட்டத்துக்கு ஆட்சியாளர் கொண்டுவந்த ஆங்கிலச் சொற்களைத் தொழிலாளர் தம் நாவுக்கேற்ப வளைத்தனர். காலையில் ஆட்களை அணிவகுத்துக் கணக்கெடுத்த 'பரேட்' பிரட்டு ஆயிற்று. அதற்குரிய இடம் பிரட்டுக்களம் ஆயிற்று. வரிசைக் குடியிருப்பைக் குறித்த 'லைன்' லயம் ஆயிற்று. வடசொல் தமிழ் ஒலிக்கேற்ப அமைதல் வேண்டும் என்றும், சிதைந்து வரினும் பொருந்துவனவற்றை விலக்கவேண்டுவதில்லை என்றும் தொல்காப்பியம் கூறிய நெறியைப் பள்ளி வாசலை மிதியாத அத்தொழிலாளர் பிழையறக் கடைப்பிடித்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்கள், தம்மை எண்ணிக்கையாக நிறுத்திய சொல்லையும் தமதாக்கிக்கொண்டனர். இதனைச் சிதைவு என்போரின் கண்ணுக்கு அவ்வாக்கம் புலப்படுவதில்லை.

முற்போக்குப் படைப்புகளிலும் இச்சிக்கல் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. அக்காலத்துப் பல சிறுகதைகளில் தொழிலாளியின் பேச்சு மேற்கோட்குறிகளுக்குள் அடைபட்டிருக்க, அவனைப் பற்றி விவரிக்கும் ஆசிரியர் கூற்று செந்தமிழில் நின்றது. உரையாடல் அவனுடையது, தீர்ப்பு ஆசிரியருடையது. பேச்சுமொழிக்கு இடமளித்தமை வரலாற்றுச் சாதனையே. எனினும் இடமளித்தலுக்கும் அதிகாரமளித்தலுக்கும் வேறுபாடு உண்டு.

6

மொழிக்குக் கூறியன கலைவடிவங்களுக்கும் பொருந்தும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைப் புதிதாக மேடையேற்றினார். விடியவிடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, சில மணி நேரத்துக்குள் ஒருபக்க மேடைக்கு ஏற்பச் சுருங்கியது. இதனைப் புத்துயிர்ப்பு என்றனர் ஒருசாரார். கூத்தைத் திரித்துவிட்டனர் என்றனர் மற்றொரு சாரார். இரு கூற்றுகளும் வடிவம் மாறியதா என்பதையே பேசின. மாற்றத்தால் யாது பெறப்பட்டது, யாது இழக்கப்பட்டது, எவர் பெற்றனர், எவர் இழந்தனர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. நகர்ப்புறப் படித்தோர் தம் மரபின் செழுமையை உணரும் வாய்ப்பைப் பெற்றமை ஆக்கம். ஊரார் அனைவரும் கூடி உரிமையோடு பங்குகொள்ளும் சடங்கு, சீட்டு வாங்கி இருளில் அமர்ந்து பார்க்கும் காட்சியானமை இழப்பு. இரண்டும் உண்மை, ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் ஆய்வாகாது.

அவ்வுருமாற்றம் அங்கே நின்றுவிடவுமில்லை. சி. மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தை வர்க்கப் போராட்டத்தைக் கூறும் ஊடகமாக்கியது. என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை', 1968இல் மாவிட்டபுரத்தில் உச்சமடைந்த ஆலயப்பிரவேசப் போராட்டக் காலத்தின் உணர்வைக் கூத்து வடிவில் மக்களிடம் கொண்டுசென்றது. தெய்வங்களையும் மன்னரையும் பாடிய வடிவம் கோயில் வாசலில் தடுக்கப்பட்டோரைப் பாடிற்று. புதிய உள்ளடக்கம் பழைய வடிவத்தைத் தன் தேவைக்கேற்ப வளைத்தமைக்கு இவை சான்றுகள். வடிவத் தூய்மை மட்டுமே அளவுகோலாயின் இவற்றைத் திரிபு என ஒதுக்கவேண்டியிருக்கும். அவ்வாறு ஒதுக்குவோருக்குக் கூத்து அருங்காட்சியகப் பொருளாக மட்டுமே எஞ்சும்.

7

இனி, முற்போக்கு வாசகரை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருவோம். 1899இல் ஜேர்மன் சமூக ஜனநாயகவாதியான பேர்ண்ஸ்டைன் மாக்சின் அடிப்படை முடிவுகளை மீளாய்வு செய்யவேண்டும் எனத் தம் நூலில் வாதிட்டார். றோசா லக்சம்பேர்க் அதனைக் கடுமையாக மறுத்தார். 'ரிவிஷனிசம்' என்னும் அப்பெயரின் மூலச்சொல் மீண்டும் நோக்குதல் என்பதையே குறித்தது. அது தமிழுக்கு வந்தபோது இரு பெயர்களைப் பெற்றது. தமிழகத்து இடதுசாரி எழுத்துகளில் திருத்தல்வாதம் என்பது பரவலாக வழங்க, இலங்கையில் திரிபுவாதம் என்பது நிலைபெற்றது. திருத்தல் என்பது செம்மையாக்கலையும் குறிக்கும். திரிபு என்பதோ விசாரணைக்கு முன்னரே தீர்ப்பைக் கூறிவிடும். மொழிபெயர்ப்பே ஒரு நிலைப்பாடாயிற்று.

1963–64 காலப்பகுதியில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு எனப் பிளவுண்டது. 1964இல் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அரசாங்கப் பதவிக்காகப் போராட்ட நெறியைக் கைவிடுதல் பற்றி அக்காலத்து எழுப்பப்பட்ட விமரிசனங்கள் அடிப்படையற்றவை அல்ல. பின்னர் நிகழ்ந்தவை அவற்றுட் பலவற்றை மெய்ப்பித்தன. ஆனால் அவ்விமரிசனம் ஒரு சொல்லாகச் சுருங்கியபோது இலக்கியத்துக்கு நேர்ந்த இழப்பும் சிறிதன்று. ஒரே ஊரின் ஒரே ஒடுக்குமுறை அனுபவத்திலிருந்து எழுந்த ஜீவாவும் டானியலும் அப்பிளவின் இரு மருங்கிலும் நின்றனர். ஒரு கதையின் மாந்தர் எத்தகையோர், அதன் நடை எதனைச் சாதிக்கின்றது என ஆராய்வதற்கு முன்னரே எழுதியவர் எந்த அணியினர் என்பது தீர்ப்பாகும் நிலை உருவாயிற்று. பண்டிதர் 'வழு' என்ற இடத்தில் அரசியல் விமரிசகர் 'திரிபு' என்றனர். மூலநூல் ஒன்று உண்டு, அதிலிருந்து விலகுவது குற்றம், விலகலைக் கண்டுபிடிப்பதே புலமை என்னும் மனப்பாங்கு இருவர்க்கும் பொதுவாயிற்று. மரபுவாதம் முன்வாசலால் துரத்தப்பட்டுப் பின்வாசலால் நுழைந்தது.

மாக்சிய முன்னோடிகளின் முறை இதுவன்று. 'மூலதனம்' முதல் பாகத்தில் (1867) மாக்ஸ் பண்டங்களின் உருமாற்றத்தை ஆராய்கின்றார். பண்டம் பணமாகவும் பணம் மீண்டும் பண்டமாகவும் மாறுவதை அவர் படிப்படியாகப் பின்தொடர்வது, எவ்வுருவில் எவ்வுறவு மறைந்து நிற்கின்றது எனக் காண்பதற்காகவே. லெனின் 1908இல் திரிபுவாதம் பற்றி எழுதியபோதும், அதனைச் சிலரின் கயமை என்று கூறி அமையவில்லை. முதலாளித்துவ வளர்ச்சி இடையறாது சிறுவுடைமையாளரைத் தொழிலாளர் அணிக்குள் தள்ளுவதில் அதன் சமூக வேரை அவர் கண்டார். கண்டனம் கடுமையானது, எனினும் அது காரண விளக்கத்தின் மேல் நின்றது. எந்நிலையில், எவ்வெழுத்தின் முன், எவ்வாறு திரியும் என்று கேட்ட பழைய இலக்கண ஆசிரியனின் முறைக்கு அது அண்மையானது.

8

மாற்றங்கள் அனைத்தும் வரவேற்கத்தக்கன என்பது நம் கருத்தன்று. அத்தகைய தாராளவாதம் ஆய்வுக்கும் உதவாது, போராட்டத்துக்கும் உதவாது. சான்றுகளை மறைத்து வரலாறு திரிக்கப்படுகின்றது. ஒடுக்கப்பட்டோர் கூற்றுகள் ஒடுக்குவோரால் திரிக்கப்படுகின்றன. போரினதும் பேரினவாதத்தினதும் காலங்களைக் கடந்துவந்த நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. அவற்றைத் திரிபு என்று துணிந்து கூறும் உரிமை நமக்கு வேண்டும். அவ்வுரிமையைக் காக்கும்பொருட்டே அச்சொல்லை அளவறிந்து கையாள வேண்டியிருக்கின்றது. தொழிலாளியின் உச்சரிப்பையும் ஆட்சியாளனின் பொய்யையும் ஒரே சொல்லாற் சுட்டினால், பொய்க்கு எதிரான நம் குற்றச்சாட்டின் கூர்மையே மழுங்கிவிடும்.

ஆகவே, திரிபு என்னும் சொல் ஒரு விமரிசனத்தில் எதிர்ப்படும்போதெல்லாம் மூன்று வினாக்களை எழுப்புதல் பயன்தரும். திரிந்ததா, திரிக்கப்பட்டதா? எந்நிலைமைகள் அம்மாற்றத்தை விளைவித்தன? விளைந்த புதிய உரு எவருக்குப் பயன்படுகின்றது, எவரிடமிருந்து எதனைப் பறிக்கின்றது? இவற்றுக்கு விடை கூறாது அச்சொல்லை எறிபவர், ஆய்வாளரின் வேலையை விடுத்துக் காவலரின் வேலையை ஏற்கின்றார்.

2022ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியின்போது 'முறைமை மாற்றம்' என்னும் முழக்கம் இந்நாட்டின் வீதிகளில் மும்மொழியிலும் எழுந்தது. மாற்றம் வேண்டும் எனக் கோரும் சமூகமே, மாற்றத்தைக் குறிக்கும் தன் பழஞ்சொல்லைப் பழிச்சொல்லாக வைத்திருப்பது சிந்தனைக்குரிய முரண்பாடு. இயல்பு ஒன்று, திரிபு மூன்று, நான்கும் சேர்ந்ததே மொழியின் இயல்பு என்ற தெளிவு தமிழ் மரபுக்குள்ளேயே இருந்தது. மரபின் பெயரால் மாற்றத்தை மறுப்போர்க்கும், மாற்றத்தின் பெயரால் வாய்பாடுகளைக் காப்போர்க்கும் அத்தெளிவை நினைவூட்ட வேண்டிய கடப்பாடு இன்றைய விமரிசனத்துக்கு உண்டு.